சுழியனின் வாலும் கொடுக்குராயர் வைத்தியமும்

மலையடிவாரக் காட்டில் ஒரு குட்டை இருந்தது. கார்த்திகை மழையில் நிரம்பி மாசி வெயிலில் வற்றிப்போகும் குட்டை. அந்த வருஷம் அதில் முந்நூறு தலைப்பிரட்டைகள் பிறந்திருந்தன. எல்லாம் தவளைக் குஞ்சுகள்தான். ஆனால் அந்த விஷயம் அவற்றுக்கே தெரியாது. முட்டையிட்ட தவளைகள் எப்போதோ காட்டுக்குள் போய்விட்டன. தலையும் வாலுமாகப் பிறந்தோம், கடைசிவரை தலையும் வாலுமாகவே இருப்போம் என்று முந்நூறு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் சுழியன் என்று ஒருவன் இருந்தான். அவன் வாலைப் போல நீளமான வால் அந்தக் குட்டையிலேயே கிடையாது. ஒரு சுழற்று சுழற்றினால் ஆம்பல் இலையிலிருந்து கோரைப்புல் வரைக்கும் போய் நிற்பான். நீச்சல் போட்டி எத்தனை வைத்தாலும் அவன்தான் முதல். அதனால் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அவனுக்குக் கால் வேறு இல்லை!

தலைப்பிரட்டைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் விடிந்ததும் எல்லாரும் நீர்மட்டத்துக்கு வருவார்கள். வாயை வெளியே நீட்டி ஒரு வாய் காற்று குடிப்பார்கள்.

"கடவுளே, இன்னைக்கும் ஒரு வாய் காத்து கொடுத்தே. நன்றி!" என்பார்கள். அவ்வளவுதான். பிறகு பாசி மேயப் போய்விடுவார்கள்.

சுழியன் மட்டும் உடனே கீழே போகமாட்டான்.

"கடவுளே, எனக்கு இப்படியொரு வாலைக் கொடுத்தே, நன்றி! மத்தவங்களுக்குக் கொடுக்காம விட்டே, அதுக்கும் நன்றி!" என்பான்.

இதைக் கேட்டுப் பக்கத்தில் நிற்கும் தங்கை பொட்டு சிரிப்பாள். அவனுக்குப் பின்னால் அடுத்த முட்டையிலிருந்து வந்தவள் அவள். தலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்ததால் அந்தப் பெயர். அவள் வால் ஒன்றும் பிரமாதமில்லை. போட்டிகளில் எப்போதும் கடைசிக்கு முந்திய இடம்.

தை மாதம் பிறந்தது. ஒருநாள் காலையில் சுழியனின் உடம்பில் பின்பக்கம் இரண்டு மொட்டுகள் முளைத்திருந்தன.

"ஐயய்யோ! பொட்டு, இங்க பாரு! எனக்குக் கட்டி வந்திருக்கு!"

"எனக்கும்தாண்ணே வந்திருக்கு. குட்டையில எல்லாருக்கும் வந்திருக்கு!"

மொட்டுகள் வளர்ந்தன. மடங்கின. நுனியில் விரல்கள் பிரிந்தன. பொட்டு அவற்றை உதைத்து உதைத்துப் பார்த்தாள். தண்ணீர் அவளை முன்னால் தள்ளியது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. சுழியனோ அவற்றை வயிற்றோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு நீந்தினான். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவனுக்கு நினைப்பு.

அடுத்து முன்பக்கம் இரண்டு கைகள் வந்தன. அதுவும் போகட்டும் என்று விட்டான். ஆனால் அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி.

சுழியன் தினமும் சாயங்காலம் ஒரு கோரைத் தண்டில் தன் வாலை வைத்து அளந்து, நுனியில் கடித்து அடையாளம் வைப்பான். அன்று வால் அடையாளத்தைத் தொடவில்லை. மறுநாள் இன்னும் குறைந்தது. மூன்றாம் நாள் அடையாளத்துக்கும் வால் நுனிக்கும் நடுவே ஒரு நத்தை உட்காரலாம்!

"கடவுளே! என் வால்!" என்று அலறினான். "எல்லாத்தையும் எடுத்துக்கோ! இந்தக் கட்டிக்கால், கட்டிக்கை எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கோ! வாலை மட்டும் விட்டுடு!"

கடவுள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் வால் குறைந்தது.

சுழியனுக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டை போட்ட பிள்ளைகள் பேச்சை நிறுத்திக்கொள்வார்களே, அதைப் போல அவன் கடவுளோடு காய் விட்டுவிட்டான்!

"இனிமே உன்னோட பேசமாட்டேன். காய்! காலையில மேலயும் வரமாட்டேன். உன் காத்தை நீயே வச்சுக்கோ!"

பொட்டு பதறிப்போனாள்.

"என்னண்ணே இது? கடவுளோட யாராவது காய் விடுவாங்களா?"

"உனக்கென்ன! உன் வால் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். என் வால் போச்சுன்னா நான் யாரு?"

பொட்டுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவள் விட்டுவிடவில்லை.

"எனக்கும் பயமாத்தாண்ணே இருக்கு. நேத்து யாரும் இல்லாத இடத்துல போய் அழுதேன். ஆனா ஒண்ணு நினைச்சுப் பார்த்தேன். முட்டைக்குள்ள இருந்தப்போ வால் வேணும்னு நாம கேட்டோமா? கேட்காமலேதானே கொடுத்தாரு? முட்டையை விட்டு வரமாட்டேன்னு நீ எப்படி அழுதே, ஞாபகம் இருக்கா? 'என் கூழு, என் கூழு'ன்னு கத்தினியே! அன்னைக்கு உன் இஷ்டப்படி விட்டிருந்தா இன்னைக்கு நீ அழறதுக்கு வாலே இருந்திருக்காது!"

சுழியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தியரைப் பார்க்கப் போனான்.

குட்டையின் கரையில் ஒரு வளை. அதில் குடியிருந்த நண்டுக்குப் பெயர் கொடுக்குராயர். வலது கொடுக்கு பெரிது, இடது கொடுக்கு சிறிது. பெரியதால் நாடி பார்ப்பார், சிறியதால் மீசையைத் தடவுவார். வைத்தியம் எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கண்களை இரண்டு பக்கமும் நீட்டி முறைப்பார்.

"வா தம்பி, வா! வால் பிரச்சினையா? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

"வைத்தியரே, என் வாலைக் காப்பாத்த முடியுமா?"

"முடியுமாவா? நான் காப்பாத்தாத வாலா! உனக்கு முன்னாடி ஆறு பேர் வந்து படுத்திருக்காங்க பாரு. எல்லாம் இந்தக் கால் பண்ற வேலை. கால் வளர வளர வாலை உறிஞ்சுது. காலைக் கட்டிப் போட்டா வால் தானா நிக்கும்!"

அடுத்து மூன்று பத்தியங்கள் சொன்னார். காலைப் பாசிக்கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும், ஒரு உதைகூட உதைக்கக் கூடாது. வாலுக்குக் களிமண் பத்துப் போட்டுக்கொண்டு வளை வாசலிலேயே படுத்திருக்க வேண்டும். குணமாகும்வரை யார் கூப்பிட்டாலும் எழுந்து போகக் கூடாது.

"பத்தைப் பிரிச்சுப் பார்க்கலாமா?"

"பார்த்தா வால் போச்சு! நம்பிக்கை வேணும் தம்பி, நம்பிக்கை!"

கடவுளிடம் இல்லாத நம்பிக்கை சுழியனுக்கு ஒரு நண்டிடம் வந்துவிட்டது. சமர்த்தாகப் போய் ஏழாவது ஆளாகப் படுத்துக்கொண்டான்.

கொடுக்குராயர் கணக்கு வேறு. மாசி பிறந்தால் குட்டை வற்றும். வற்றியதும் தலைப்பிரட்டைகள் எல்லாம் தவளையாகித் துள்ளிப் போய்விடும். அதன் பிறகு அடுத்த மழைவரை அவர் வளைக்குள் அடைந்து கிடக்க வேண்டும். அத்தனை நாளைக்கும் சாப்பாட்டுக்கு எங்கே போவது? துள்ளுகிறவனை நண்டால் துரத்திப் பிடிக்க முடியாது. துள்ளாமல் படுத்திருக்கிறவனை மெதுவாக உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இதற்காகத்தான் இந்த வைத்தியசாலை!

படுத்த அன்றே சுழியனுக்கு வாய் புண்ணானது. பாசியைக் கடிக்க முடியவில்லை. வாயே வேறு மாதிரி அகலமாகிக்கொண்டு வந்தது.

"வைத்தியரே, சாப்பிட முடியலையே!"

"அப்படித்தான் இருக்கும். மருந்து வேலை செய்யுது!"

"வைத்தியரே, தண்ணி குறையுதே!"

"உனக்காகத்தான் குறையுது. நோயாளிக்கு ஈரம் ஆகாது!"

தினமும் பொட்டு வந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, வாண்ணே. எல்லாரும் கரைக்குப் பக்கத்துல துள்ளிப் பழகுறாங்க."

"என்னைத் தொந்தரவு பண்ணாதே. என் வால் நல்லா இருக்குன்னு வைத்தியர் சொல்லிட்டாரு."

"அவரு பேச்சை நம்பாதேண்ணே. வளைக்குப் பின்னாடி அவரோட பழைய ஓடு கிடக்குது, நானே பார்த்தேன். ஒண்ணு இல்லை, மூணு! மூணு தடவை ஓடு மாத்தினவரு, உன்னை மாறாதேங்கறாரு. ஏன்னு யோசிச்சியா?"

"போடி அந்தப் பக்கம்!"

பொட்டு போனாள். மறுநாளும் வந்தாள்.

எட்டாம் நாள் காலையில் குட்டையில் தண்ணீரே இல்லை. சேறு மட்டும் பளபளத்தது. பொட்டைத் தவிர மற்ற இருநூற்றுத் தொண்ணூற்று இரண்டு பேரும் கரையேறி, தூரத்தில் தெரிந்த மருத மரத்தடி ஈரத்துக்குப் போய்விட்டார்கள். பொட்டு கரை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். அண்ணனை விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை. சேற்றில் துள்ளித் துள்ளித் திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

வளையை நெருங்கும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. வைத்தியரின் மனைவி கேட்டாள்:

"என்னங்க, ஏழு பேரையும் எப்ப உள்ள கொண்டு வரப்போறீங்க?"

"அவசரப்படாதே. உச்சி வெயில் வரட்டும். பத்து நல்லாக் காய்ஞ்சு இறுகட்டும். அப்பத்தான் திமிறாம வரும். மூணு மாசத்துக்குக் கவலையில்லை!"

பொட்டு ஒரே தாவாகத் தாவி அண்ணன் பக்கத்தில் போய் விழுந்தாள்.

"அண்ணே! அந்த நண்டு உங்களைத் தின்னப்போகுது! என் காதாலேயே கேட்டேன். எழுந்திரு!"

"உளறாதே. எனக்கு எழுந்திருக்கத் தெம்பும் இல்லை. நான் எப்படியும் சாகத்தான் போறேன். எட்டு நாளா ஒரு வாய் சாப்பிடலை."

"எட்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலையா?"

"ஒண்ணுமே!"

பொட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்புறம் தொடை மட்டும் எப்படிண்ணே இவ்வளவு கொழுத்திருக்கு?"

சுழியன் குனிந்து பார்த்தான். எட்டு நாளாக அவன் தன் காலைப் பார்க்கவே இல்லை. பாசிக்கயிறு இறுகித் தெறிக்கிற மாதிரி இரண்டு தொடைகளும் திரண்டு நின்றன. மூச்சும் நன்றாகத்தான் வந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் மூக்கு வழியாக இவ்வளவு நேரம் காற்று குடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நானும் இந்த நாலஞ்சு நாளா ஒண்ணும் சாப்பிடலைண்ணே. வாய் புண்ணு. ஆனா பசிக்கவே இல்லை. வால் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு" என்றாள் பொட்டு. அவளுக்கு இப்போது வால் என்று ஒரு சின்ன முளைதான் மிச்சம்.

சுழியன் தன் கையாலேயே களிமண் பத்தை உடைத்தான். உள்ளே அந்தப் பெரிய வால் இல்லை. அவன் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை நாள் பயந்தது நடந்துவிட்டது. ஆனால் அவன் அழவில்லை. வால் துண்டைப் பார்த்தான், தொடையைப் பார்த்தான், மறுபடி வால் துண்டைப் பார்த்தான்.

"பொட்டு… என் வாலை யாரும் பிடுங்கலை. நான்தான் அதைத் தின்னுருக்கேன்! வாய் திறக்க முடியாத நாளுக்குன்னு கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. பெரிய வால்னு பெருமை அடிச்சுக்கிட்டேனே, எட்டு நாள் படுத்துக் கிடக்கப்போற மடையன்னு தெரிஞ்சுதான் எனக்குப் பெரிய பொட்டலமாக் கட்டிக் கொடுத்திருக்காரு!"

அந்தத் துண்டை மெல்லத் தொட்டுப் பார்த்தான்.

"நான் அவரோட காய் விட்டேன், பொட்டு. அவரு எனக்கு அந்த எட்டு நாளும் சோறு ஊட்டிக்கிட்டே இருந்திருக்காரு."

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. வளைக்குள்ளிருந்து முதலில் இரண்டு கண்கள் நீண்டன. பிறகு பெரிய கொடுக்கு வந்தது.

"என்ன தம்பி, பத்தியத்தை மீறிட்டியா? பரவாயில்லை, உள்ளே வா. உள்ளே வச்சுப் பார்த்துக்கறேன்!"

"குதிண்ணே!" என்று கத்தினாள் பொட்டு.

"எனக்குக் குதிக்கத் தெரியாதே! ஒரு தடவைகூட உதைச்சுப் பார்க்கலையே!"

"அது உனக்குத் தெரிய வேண்டாம். காலுக்குத் தெரியும். குதி!"

கொடுக்கு திறந்தது. சுழியன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கடவுளே! இந்தக் காலை நான் கேட்கலை. நீயாக் கொடுத்தே. இப்ப நீயே பார்த்துக்கோ!"

உதைத்தான்.

வெயிலில் காய்ந்த பாசிக்கயிறு படக்கென்று அறுந்தது. அதே நொடியில் கொடுக்கும் டக்கென்று மூடியது. சுழியன் ஆகாயத்தில் இருந்தான்! மூன்று முழம் தள்ளிப்போய்ச் சேற்றில் விழுந்தான். திரும்பிப் பார்த்தால், கொடுக்குராயரின் கொடுக்கில் ஒரு வால் துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வைத்தியரே!" என்று கூவினான் சுழியன். "என் வாலைக் காப்பாத்தறேன்னு சொன்னீங்களே! இந்தாங்க, நல்லாக் காப்பாத்தி வச்சுக்கோங்க!"

கொடுக்குராயருக்கு ஆத்திரம் பொங்கியது. பக்கவாட்டில் ஓடி ஓடிச் சுழியனைத் துரத்தினார். அவன் ஒரு தாவு தாவினால் அவர் பத்து அடி ஓட வேண்டியிருந்தது. அவன் வேண்டுமென்றே குட்டையைச் சுற்றிச் சுற்றிப் போக்குக் காட்டினான். அந்த நேரத்தில் பொட்டு மற்ற ஆறு பேரின் கட்டுகளையும் பிய்த்துப் போட்டாள்.

"காலை நம்பிக் குதிங்க! யோசிக்காதீங்க!"

ஆறு பேரும் குதித்தார்கள். ஒருவன் குப்புற விழுந்தான், இன்னொருவன் தலைகீழாக விழுந்தான். ஆனால் எல்லாரும் கரையில்தான் விழுந்தார்கள்.

கொடுக்குராயர் மூச்சு வாங்க வளைக்குத் திரும்பினார். வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"மூணு மாசத்துக்குக் கவலையில்லைன்னீங்களே, எங்க?"

அவர் வால் துண்டை நீட்டினார். அதன் பிறகு அந்த வளையில் என்ன நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது குடும்ப விஷயம்.

மறுநாள் விடிந்தது. மருத மரத்தடியில் வேர்களுக்கு நடுவே ஈரம் குளுகுளுவென்று இருந்தது. முந்நூறு குட்டித் தவளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றன. காற்று குடிக்கும் நேரம். ஆனால் எழும்பி வர நீர்மட்டம் இல்லை. காற்றோ நாலு பக்கமும் வேண்டியமட்டும் இருந்தது. இத்தனைக்கும் சேர்த்து எப்படி நன்றி சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

சுழியன் முன்னால் வந்தான். வால் இருந்த இடத்தில் வழவழவென்று ஒன்றுமே இல்லை. அதை மறைக்க அவன் முயலவும் இல்லை.

"கடவுளே, எட்டு நாள் மேல வரலை. தப்புதான். பழம் விட்டுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வாயை அகலமாகத் திறந்து ஒரு வாய் காற்று குடித்தான்.

காற்று உள்ளே போன வேகத்தில் தொண்டைக்குக் கீழே எதுவோ புடைத்தது.

"கிர்ர்ரக்!"

சுழியன் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான்.

"ஐயோ பொட்டு! தொண்டையில கட்டி!"

பொட்டு வேரில் புரண்டு புரண்டு சிரித்தாள்.

"அது கட்டி இல்லைண்ணே, குரல்! இன்னும் என்னென்ன வச்சிருக்காரோ! நீ பாட்டுக்குப் பாடு!"

அவன் பாடினான். பாட்டு சுமாராகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த கார்த்திகையில் மழை வந்து குட்டை நிரம்பிய அன்று, கரையில் உட்கார்ந்து எல்லாரையும் விட உரக்கக் கத்தி நன்றி சொன்னவன் அவன்தான்.

கேட்காமலே கொடுத்த கடவுள் ஒன்றைத் திரும்ப வாங்கினால் அதை நமக்கே ஊட்டி நம்மை வளர்க்கத்தான் வாங்குகிறார். பயம் இருந்தாலும் அவரை நம்பிக் காலை உதைக்கிறவன் கரையேறுவான்.